ஒரே கச்சேரியில் வரியும் வழக்கும்

தருமபுரி மாவட்டத்து அரூரில் கச்சேரிமேடு என வழங்கும் ஓர் இடம் உண்டு. இப்பெயருக்கும் பாட்டுக் கச்சேரிக்கும் தொடர்பில்லை. அரசு அலுவலர் அமர்ந்து அலுவல் பார்க்கும் கூடத்தைக் குறிக்க உருது வழியாகத் தமிழுக்கு வந்த சொல்லே கச்சேரி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தாலுகா தலைமையூர்களில் தாசில்தார் அமர்ந்திருந்த கச்சேரி, நிலவரியை எண்ணி வாங்கும் இடமாகவும், பிராது கொடுக்க வந்தவர் காத்துக்கிடக்கும் இடமாகவும், பிடிபட்ட திருடனை இருத்திவைக்கும் இடமாகவும் ஒருங்கே இருந்தது. வாய்தா என்ற சொல்லும் இதே கதையைச் சொல்கிறது. வாக்குக் கொடுத்த நாள் என்னும் பொருளில் அரபியிலிருந்து வந்த அச்சொல், நிலவரித் தவணைக்கும் வழக்குத் தள்ளிவைக்கப்படும் நாளுக்கும் தமிழில் பொதுப்பெயராயிற்று. வரி கேட்பவரும் வழக்குக் கேட்பவரும் ஒருவராகவே இருந்த ஆட்சிமுறை மொழியில் விட்டுச்சென்ற தடம் இது. அந்த ஆட்சிமுறை கருக்கொண்ட நிலங்களுள் தருமபுரி முதன்மையானது.

இப்பகுதியின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் குறிப்பிடத்தக்கவை நடுகற்கள். தகடூர் என்று அறியப்பட்ட இந்நாட்டில் பல்லவர் காலம் முதலாக நிறுத்தப்பட்ட இக்கற்கள், தொறு என்று அவை குறிப்பிடும் மாட்டு மந்தையை எதிரிகள் கவர்ந்தபோது மீட்கப் போய் மாண்டவர்களைப் பேசுகின்றன. களவுபோன பொருளை மீட்பது ஊரின் கடமையாகவும், அதில் இறந்தவனுக்குக் கல் நிறுத்துவது ஊரின் நன்றியாகவும் இருந்த அக்காலத்துக்குப் பின், ஊர்க்கவுண்டர், நாட்டாண்மை போன்ற தலைவர்களும் சாதிப் பஞ்சாயத்துகளும் பெரும்பாலான பூசல்களைத் தீர்த்துவந்தன. மைசூர் ஆட்சியில் அவர்களுக்கு மேலே ஆமில்தார் என்னும் வரி அதிகாரி இருந்தார். நீதி வழங்குவதையே தொழிலாகக் கொண்ட தனி அலுவலர் ஒருவரை இந்நாட்டுச் சிற்றூர்க் குடியானவர் கண்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

1792 மார்ச்சில் கையெழுத்தான சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் தம் நாட்டில் பாதியை இழந்தார். அப்போது கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த பகுதிகளுள் பாராமகாலும் ஒன்று. பன்னிரண்டு கோட்டைகளை உடையது என்று பெயர்க்காரணம் சொல்லப்படும் இந்நிலம், இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பெரும்பகுதியையும் திருப்பத்தூர்ப் பக்கத்தையும் உள்ளடக்கியது. இதனையும் சேலத்தையும் ஆள அனுப்பப்பட்டவர் அலெக்சாண்டர் ரீடு என்னும் படைத்தலைவர். அவருக்குத் துணையாக கிரகாம், மெக்ளியாட், தாமஸ் மன்றோ ஆகிய மூவர் வந்தனர். மூவரும் படையைச் சேர்ந்தவர்களே. வணிகத்தில் பழகிய கம்பெனிச் சிவில் அலுவலருக்கு நாட்டு மொழியும் நாட்டு நடப்பும் தெரியாது என்று தலைமை ஆளுநர் கார்ன்வாலிஸ் கருதியதே இந்தத் தேர்வுக்குக் காரணம்.

நடுப்பிரிவு மன்றோவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1792 முதல் 1799 வரை ஏழாண்டுகள் அப்பொறுப்பில் இருந்த அவருக்குத் தருமபுரியே இருப்பிடமாயிற்று. அங்கே தாம் வளர்த்த தோட்டத்தைப் பற்றி வீட்டுக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு அவ்வூரில் அவர் ஒன்றிவிட்டார். ஆனால் தோட்டத்தில் கழிந்த நாள்களைவிட ஊர் ஊராக அலைந்த நாள்களே மிகுதி. வயல் வயலாக அளந்து, மண்ணின் தரம் பார்த்து, ஒவ்வோர் உழவரிடமும் நேரடியாக வரியை முடிவுசெய்யும் முறை இங்குதான் படிப்படியாக உருப்பெற்றது. ரயத்து என்றால் குடியானவர் என்பதால் அது ரயத்துவாரி எனப்பட்டது. எந்த வயல் யாருடையது, எந்த ஏரித்தண்ணீர் யாருக்கு முதலில் பாயும், அண்ணன் தம்பி பாகத்தில் கிணறு எவர் பங்கில் விழுந்தது என்பனவற்றை முடிவுசெய்யாமல் வரியை முடிவுசெய்ய இயலாது. ஆகவே வரி அதிகாரி தம்மையறியாமலே நீதிபதியும் ஆனார். அந்த ஏழாண்டுகளில் பாராமகாலில் தனி நீதிமன்றம் ஏதுமில்லை. அதனால் குடிகளுக்குப் பெரிய குறை நேர்ந்ததாக மன்றோ எண்ணவுமில்லை. அவருடைய பிற்காலக் கொள்கை முழுவதும் இந்த அனுபவத்தில் ஊன்றி நிற்பதால், இதனைச் சற்று ஐயத்தோடு பார்ப்பதும் வரலாற்றாசிரியரின் கடமை: குறையைச் சொல்ல வேண்டியவர் அக்குறைக்குக் காரணமானவரிடமே போய்ச் சொல்ல வேண்டிய இடத்தில், குறைகள் குறைவாகக் காதில் விழுவது இயல்பு.

இதற்கு நேர்மாறான முறை 1802ஆம் ஆண்டின் சட்டங்களோடு வந்தது. 1793இல் கார்ன்வாலிஸ் வங்காளத்தில் ஏற்படுத்திய அமைப்பின் படியாக்கமே அது. வரி வாங்கும் கலெக்டரிடமிருந்து நீதி அதிகாரம் பிரிக்கப்பட்டு, ஜில்லாதோறும் ஒரு நீதிபதி அமர்த்தப்பட்டார். ஜில்லா நீதிமன்றத்துக்கு மேலே நான்கு மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றங்களும், அவற்றுக்கும் மேலே சென்னையில் உரிமை வழக்குகளுக்குச் சதர் அதாலத்தும் குற்ற வழக்குகளுக்குப் பௌஜ்தாரி அதாலத்தும் அமைந்தன. அதாலத் என்பது நீதிமன்றத்தைக் குறிக்கும் சொல். குற்ற வழக்குகளில் இசுலாமியச் சட்டமே அடிப்படையாதலால் முஃப்தி என்னும் சட்ட அறிஞரின் கருத்துரை பெறப்பட்டது. இந்துக்களின் வாரிசுரிமைக்குப் பண்டிதர் கருத்துச் சொன்னார். அதே காலத்தில் சேலம் ஜில்லாவின் நிலங்கள் மிட்டாக்கள் என்னும் கூறுகளாக வகுக்கப்பட்டு, நிரந்தர வரிக்கு ஏலம் விடப்பட்டன. ஏலத்தில் எடுத்த மிட்டாதார்களில் பலர் சில ஆண்டுகளில் வரி கட்ட முடியாமல் நொடித்துப்போயினர்.

கொள்கையளவில் இது செம்மையான பிரிவினை. நடைமுறையில் தருமபுரிப் பக்கத்துக் குடியானவர் ஒருவர் பத்து ரூபாய்க் கடனுக்கு வழக்குத் தொடுக்க வேண்டுமானால், தொப்பூர்க் கணவாயைக் கடந்து சேலத்துக்கு இரண்டு நாள் நடக்க வேண்டும். முத்திரைத்தாள் வாங்க வேண்டும். வக்கீல் பிடிக்க வேண்டும். சாட்சிகளை அழைத்துப் போய்ச் சோறு போட வேண்டும். பின்பு வாய்தாவுக்கு வாய்தா அதே வழியில் திரும்பத் திரும்பச் செல்ல வேண்டும். நீதிபதிக்கோ சாட்சி பேசும் தமிழும் தெலுங்கும் புரியாது. 1812இல் பிரித்தானிய நாடாளுமன்றக் குழு வெளியிட்ட, ஐந்தாம் அறிக்கை என வழங்கும் ஆவணம் இக்குறைகளை விரிவாக எடுத்துக்காட்டியது. அப்போது இங்கிலாந்தில் இருந்த மன்றோ, இத்தகைய நீதிமன்றங்களைக் கடுமையாகச் சாடிவந்தார். 1814இல் நீதித்துறைச் சீரமைப்புக்கான தனி ஆணையத்தின் தலைவராகச் சென்னைக்குத் திரும்பினார்.

அதன் விளைவே 1816ஆம் ஆண்டின் சட்டத்தொகுதி. கலெக்டருக்கே மாஜிஸ்திரேட் அதிகாரம் தரப்பட்டது. காவலும் அவர் கீழ் வந்தது. தாலுகாவில் தாசில்தாரும் ஊரில் மணியக்காரரும் கர்ணமும் தலையாரியும் காவல் பணியாளர்களாகவும் ஆயினர். ஊர்த்தலைவருக்குக் கிராம முன்சீப் என்ற புதிய பட்டமும் சேர்ந்தது. முன்சீப் என்னும் சொல்லின் வேர், அரபியில் பாதி என்று பொருள்படுவது. சரிபாதியாகப் பகுத்துக் கொடுப்பவர் நியாயம் செய்பவர் என்னும் கருத்து அதில் அடங்கியிருக்கிறது. பத்து ரூபாய் வரையுள்ள கடன், தானியம், பாத்திரம் போன்ற அசையும் பொருள் வழக்குகளை இவர் விசாரிக்கலாம். இருதரப்பும் ஒப்பினால் நூறு ரூபாய் வரை நடுவராக இருந்து தீர்க்கலாம். இவருக்கு மேலே, ஊதியம் பெறும் மாவட்ட முன்சீப் இருநூறு ரூபாய் வரையுள்ள வழக்குகளைக் கேட்டார். ஊர்ப் பஞ்சாயத்துக்கும் மாவட்டப் பஞ்சாயத்துக்கும் தனித்தனிச் சட்டங்கள் இயற்றப்பட்டன.

இவற்றுள் மன்றோ மிகுதியும் நம்பியது பஞ்சாயத்தை. மிகுதியும் பொய்த்துப்போனதும் அதுவே. வழக்காடுவோர் பஞ்சாயத்தைத் தேடிப் போகவில்லை. ஆங்கிலேயச் சட்டத்தின் பெயரால் கூட்டப்படும் பஞ்சாயத்தில் உட்கார ஊர்ப்பெரியவர்களும் விரும்பவில்லை. கட்டுப்பாட்டால் இயங்கிய ஒன்றைக் காகிதத்தில் எழுதியதும் அதன் உயிர்நிலை போய்விட்டது எனலாம். மாறாக, அதிகம் எதிர்பார்க்கப்படாத மாவட்ட முன்சீப் நீதிமன்றங்களில் வழக்குகள் வந்து குவிந்தன. உள்ளூர் மொழி அறிந்த இந்தியர் ஒருவர், ஓரளவு எட்டும் தொலைவில், எழுத்து வடிவில் தீர்ப்புச் சொல்வதைக் குடிகள் விரும்பினர். முன்சீப் கோர்ட்டு என்ற பெயர் தமிழ்நாட்டுச் சிறுநகரங்களில் இன்றளவும் நிலைத்திருப்பதற்கு வேர் இங்கே இருக்கிறது.

1816ஆம் ஆண்டின் காவல் சட்டத்தில் ஒரு பிரிவு தனியே கவனிக்கத்தக்கது. வசைபாடுதல், சிறு கைகலப்பு போன்றவற்றுக்காக ஊர்த்தலைவர் ஒருவரைச் சாவடியில் பன்னிரண்டு மணி நேரம் வரை அடைத்துவைக்கலாம். அத்தகைய இழிவான தண்டனை பொருந்தாது என்று சொல்ல முடியாத கீழ்ச்சாதியாராக இருந்தால், ஆறு மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டலாம். தொழுமரம் என்பது இரண்டு கனத்த கட்டைகளுக்கு இடையே துளையிட்டு, கால்களை அத்துளைகளில் நுழைத்துப் பூட்டும் பொறி. மாட்டப்பட்டவர் ஊர் பார்க்க வெயிலில் அமர்ந்திருக்க வேண்டும். ஒரே குற்றத்துக்குச் சாதிக்கு ஒரு தண்டனை என்பதை நாட்டுவழக்கம் என்று சொல்லி ஒதுக்க முடியாதபடி, அரசு தன் சட்டத்திலேயே எழுதி வைத்தது. ஊர் வழக்கத்தை மதிப்பதாகச் சொல்லிக்கொண்ட சீர்திருத்தம், ஊரில் எவருடைய வழக்கத்தை மதித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மன்றோ 1820இல் சென்னை ஆளுநராகி, 1827இல் பத்திகொண்டாவில் வாந்திபேதியால் இறந்தார். அவர் கட்டிய அமைப்பின் மறுபக்கம் வெளிப்பட மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. சென்னை மாகாணத்தில் வரி வாங்கக் குடிகள் வதைக்கப்படுவதாக 1854இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்வியைத் தொடர்ந்து, எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் அடங்கிய சித்திரவதை விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. குறுகிய காலத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட முறையீடுகள் வந்தன. 1855இல் வெளிவந்த அதன் அறிக்கை, வரி நிலுவைக்காகவும் குற்ற ஒப்புதலுக்காகவும் கையாளப்பட்ட வதைகளைப் பெயரோடு பதிவுசெய்தது. அண்ணாந்தாள் என்பது ஒருவரின் சொந்தத் துணியையோ ஒரு கயிற்றையோ கழுத்துக்கு மேலாகவும் கால்விரல்களுக்கு அடியாகவும் இழுத்துக் கட்டி, உடலை வளைத்தபடியே வெயிலில் நிறுத்துவது. கிட்டி என்பது விரல்களை இரு கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிப்பது. அறிக்கை சுட்டிய காரணங்களுள் தலையாயது எளியது: வரிக்காக வதைத்தவரும் தாசில்தாரின் ஆள், வதைபட்டவர் பிராது கொடுக்க வேண்டிய காவல் அதிகாரியும் அதே தாசில்தார். அவரைத் தாண்டிக் கலெக்டரிடம் செல்ல நாளும் பணமும் வேண்டும். பாராமகாலில் ஓர் இளம் அதிகாரியின் நேர்மையால் தாங்கி நின்ற ஏற்பாட்டை மாகாணம் முழுவதற்கும் சட்டமாக்கியபோது, நேர்மையைச் சட்டத்தில் சேர்க்க வழியிருக்கவில்லை.

அடுத்த இருபதாண்டுகளில் பிரிவினை மீண்டும் தொடங்கியது. 1843இலேயே மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் எடுக்கப்பட்டு, ஜில்லாதோறும் உரிமை வழக்கையும் கொடுங்குற்ற வழக்கையும் கேட்கும் சிவில் மற்றும் அமர்வு நீதிபதிகள் வந்திருந்தனர். முன்பு நீதிபதிகள் ஊர்சுற்றி வந்து குறித்த நாள்களில் அமர்ந்து கொடுங்குற்றங்களை விசாரித்ததால் ஏற்பட்ட பெயரே அமர்வு என்பது. 1859ஆம் ஆண்டின் காவல் சட்டம் தாசில்தாரிடமிருந்து காவலைப் பிரித்துத் தனித்துறை ஆக்கியது. 1862 ஜனவரியில் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்து முஃப்தியின் கருத்துரைக்கு வேலையில்லாமல் செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் திறக்கப்பட்டது. 1873ஆம் ஆண்டின் சட்டம் மாவட்ட நீதிபதி, சார்பு நீதிபதி, மாவட்ட முன்சீப் என்ற மூன்று படிநிலைகளை உறுதிசெய்தது. கிராம முன்சீப் மட்டும் ஊரில் நிலைத்திருந்தார். பரம்பரைக் கிராமப் பதவிகளைத் தமிழக அரசு 1980இல் ஒழித்து, கிராம நிர்வாக அலுவலரை அமர்த்தும் வரை மணியக்காரர் பதவி தொடர்ந்தது.

மாஜிஸ்திரேட் அதிகாரம் வருவாய்த் துறையின் கையில் இருந்த நிலையும் எளிதில் மாறவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 50ஆம் பிரிவு நீதித்துறையை நிர்வாகத்திடமிருந்து பிரிக்குமாறு அரசுக்கு நெறிகாட்டியது. சென்னை மாநிலம் அதனைப் பிறரைவிட முன்னதாகவே தொடங்கியது என்றாலும், 1974 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த குற்ற விசாரணை முறைச் சட்டமே நாடு முழுவதும் நீதித்துறை நடுவர், நிர்வாகத்துறை நடுவர் என்று இரண்டாகப் பகுத்தது. பின்னவர் வேறு யாருமல்லர், தாசில்தாரும் கோட்டாட்சியருமே. நன்னடத்தைப் பிணை வாங்குவதும், நிலத் தகராறு அடிதடியாக முற்றும்போது யார் கைவசத்தில் நிலம் இருந்தது என்று பார்த்து உத்தரவிடுவதும் இன்றும் அவர்கள் கையில்தான் இருக்கின்றன. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டமும் இந்த எச்சத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறது.

காட்டில் கதை வேறு. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம், காட்டை அரசின் வருவாய்ச் சொத்தாக வரையறுத்தபோது, அச்சொத்தைக் காக்கும் வன அலுவலருக்குப் பிடியாணையின்றிக் கைதுசெய்யவும், பொருளைப் பறிமுதல் செய்யவும், குற்றத்துக்குத் தொகை பெற்றுக்கொண்டு வழக்கில்லாமல் முடிக்கவும் அதிகாரம் தந்தது. சமவெளியில் 1859இல் பிரிக்கப்பட்ட வருவாயும் காவலும் மலையடிவாரத்தில் இவ்வாறு மீண்டும் ஒருவரிடம் சேர்ந்தன. சித்தேரி மலையிலும் அதன் அடிவாரத்திலும் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு அரசு என்பது பெரும்பாலும் காக்கி உடுத்திய வனத்துறையாகவே தோன்றியது. அங்கு விளைந்த சந்தன மரம் அரசுக்குப் பெரும் வருவாய், கடத்தல்காரருக்கும் அவ்வாறே.

1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி, வனத்துறையினர் 155 பேரும் காவல்துறையினர் 108 பேரும் வருவாய்த் துறையினர் 6 பேருமாக 269 பேர் அரூர் வட்டத்து வாச்சாத்திக்குள் புகுந்தனர். வீடுகள் நொறுக்கப்பட்டன, ஊரார் அடிக்கப்பட்டனர், 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளாயினர், குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் அரூர் வன அலுவலகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டுப் பின்பு சேலம் சிறையில் அடைக்கப்பட்டனர். வந்த மூன்று துறைகளும் 1816இல் ஒரே கச்சேரிக்குள் அடங்கியிருந்த அதிகாரங்களின் கிளைகள் என்பதும், முறையிடச் செல்ல வேண்டிய இடமெல்லாம் அம்மூன்றில் ஒன்றன் அலுவலகமாகவே இருந்தது என்பதும், சித்திரவதை ஆணையத்தின் அறிக்கையைப் படித்தவருக்குப் புதிதாகத் தோன்றா. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் இதனை வெளியே கொண்டுவந்தன. அக்கட்சியின் மாநிலச் செயலாளர் அ. நல்லசிவன் நீதிமன்றத்தை அணுகினார். உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 1995இல் விசாரணை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்றது. உள்ளூர்க் காவலின் கையிலிருந்து வழக்கை வெளியே எடுத்தாலன்றி அது நகராது என்ற நிலை மூன்றாண்டுகளில் தெளிவாகியிருந்தது.

தருமபுரி 1965 அக்டோபர் 2இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானபோதும், அதன் மாவட்டத் தலைமை நீதிமன்றம் நெடுங்காலம் கிருஷ்ணகிரியிலேயே இருந்தது. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. வாச்சாத்தி வழக்கின் தீர்ப்பு தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றத்தில் 2011 செப்டம்பர் 29 அன்று வழங்கப்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தனர். உயிரோடிருந்த 215 பேரும், அதாவது வனத்துறையினர் 126 பேர், காவல்துறையினர் 84 பேர், வருவாய்த் துறையினர் 5 பேர், குற்றவாளிகள் என்று அறிவிக்கப்பட்டனர். வன்புணர்வுக் குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட 17 பேரில் 12 பேருக்குப் பத்தாண்டும் 5 பேருக்கு ஏழாண்டும் சிறை. மற்றவர்களுக்குக் குறைந்த காலச் சிறை.

மேல்முறையீடு மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் நீண்டது. அதனை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன், 2023 மார்ச் 4 அன்று சென்னையிலிருந்து புறப்பட்டு வாச்சாத்திக்கே வந்து, நிகழ்விடங்களைப் பார்த்து, ஊராரிடம் பேசினார். மேல்முறையீட்டைக் கேட்கும் நீதிபதி பொதுவாகத் தம் முன்னுள்ள ஏடுகளைத் தாண்டிப் போவதில்லை; இடத்தைப் பார்த்து வழக்கறிவது மன்றோ வரி அதிகாரிக்கு மட்டுமே உரியதென்று நம்பிய திறம். அவ்வாண்டு செப்டம்பர் 29 அன்று, முதல் தீர்ப்பின் பன்னிரண்டாம் ஆண்டு நிறைவு நாளில், 2011ஆம் ஆண்டின் தண்டனைகள் அனைத்தும் உறுதிசெய்யப்பட்டன. பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும், இறந்திருந்தால் அவர்தம் குடும்பத்தாருக்கும், தலா பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும், அதில் பாதியை வன்புணர்வுக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கவும் அத்தீர்ப்பு ஆணையிட்டது. நிகழ்வு நடந்த காலத்தில் பதவியிலிருந்த காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோரோடு, மாவட்டக் கலெக்டர் மீதும் நடவடிக்கை எடுக்குமாறு அதே தீர்ப்பு அரசுக்கு உத்தரவிட்டது.